கை ஓங்கியிருக்கும்போதே முடிவைப் பேச வேண்டும்

போரில் இறங்கிய நாட்டின் தலைவர் எதை முதலில் யோசிக்க வேண்டும், எப்படி வெல்வது என்றா, எப்படி வெளியே வருவது என்றா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் குண்டு வெடிப்பதற்கு முன்பே, இந்தப் போர் எந்த நிலையில் முடிந்தால் நமக்குப் போதும் என்பதைத் தலைவர் தீர்மானித்து எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நிலை வந்ததும், இன்னும் முன்னேறலாம் என்று தளபதிகள் சொன்னாலும் நிறுத்த வேண்டும். தன் கை ஓங்கியிருக்கும் நேரம்தான் பேச்சைத் தொடங்க ஏற்ற நேரம். ஆனால் தலைவர்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிராகவே நடந்திருக்கிறார்கள். அதற்கான விலையை அவர்கள் கொடுக்கவில்லை, படைவீரர்களும் ஊர்மக்களும் கொடுத்தார்கள்.

வெளியேறுவது என்றதும் தோற்று ஓடுவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது அதுவல்ல. சண்டையில் ஜெயிப்பது ஒரு வேலை, போரை முடிப்பது வேறொரு வேலை. சண்டையில் ஜெயிக்க நம் பலம் போதும். போர் முடிய வேண்டுமானால் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் பேச்சை அவருடைய ஆட்கள் கேட்க வேண்டும், அடுத்த பத்து வருடம் அந்த ஏற்பாடு அவர்களுக்கும் சகித்துக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் பல அரசுகளில் பதில் வராது. ராணுவ அமைச்சகம் அடுத்த தாக்குதலைத் திட்டமிடும், வெளியுறவு அமைச்சகம் ஆதரவு திரட்டும். முடிவைப் பற்றி யோசிக்கும் மேசையில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கொரியப் போரை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 ஜூன் 25 அன்று வட கொரியா தெற்கின் மீது படையெடுத்தது. அமெரிக்கா தலைமையில் ஐ.நா. படைகள் வந்தன. நோக்கம் தெளிவாக இருந்தது: படையெடுத்தவர்களை இரு கொரியாக்களையும் பிரித்த 38-வது அட்சக்கோட்டுக்கு வடக்கே விரட்டுவது. செப்டம்பர் 15 அன்று இஞ்சோனில் ஐ.நா. படைகளின் தளபதி மெக்கார்தர் படைகளை இறக்கினார், வட கொரியப் படை சிதறியது, அந்த மாத முடிவுக்குள் சியோல் மீண்டும் கைக்கு வந்தது. எதற்காகப் போனார்களோ அது நடந்துவிட்டது. அந்த இடத்தில் நின்றிருந்தால் அந்தப் போருக்கு மூன்று மாதப் போர் என்ற பெயர் கிடைத்திருக்கும்.

நிற்கவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மொத்தக் கொரியாவையும் ஒன்றாக்கிவிடலாம் என்ற எண்ணம் வாஷிங்டனில் வந்தது. அக்டோபர் 3-ஆம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில் சீனப் பிரதமர் சூ என்லாய் பீஜிங்கில் இருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கரை அழைத்து, அமெரிக்கப் படைகள் 38-வது கோட்டைத் தாண்டினால் சீனா தலையிடும் என்று சொன்னார். பணிக்கர் அதை டெல்லிக்குத் தெரிவித்தார், டெல்லி மேற்கு நாடுகளுக்குத் தெரிவித்தது. பணிக்கர் சீனாவின் பக்கம் சாய்ந்தவர், இது வெறும் மிரட்டல் என்று ஒதுக்கிவிட்டார்கள். அக்டோபர் 15 அன்று வேக் தீவில் மெக்கார்தர் அதிபர் ட்ரூமனைச் சந்தித்து, சீனா வருவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று உறுதி சொன்னார். நவம்பர் கடைசியில் சீனப் படைகள் முழு வேகத்தில் இறங்கின. 1951 ஜனவரியில் சியோல் மறுபடியும் கைவிட்டுப் போனது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு அதிக வேதனை தருவது. 1951 கோடையில் போர்முனை ஏறக்குறைய பழைய எல்லைக்கே வந்து நின்றுவிட்டது. ஜூலை 10 அன்று பேச்சுவார்த்தையும் தொடங்கியது. போர்நிறுத்தம் கையெழுத்தானது 1953 ஜூலை 27 அன்று. நடுவில் இரண்டு வருடம், ஒரு குன்றைப் பிடிப்பது, இழப்பது, மறுபடி பிடிப்பது. அமெரிக்கப் படையின் மொத்த இழப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பேச்சு தொடங்கிய பிறகு ஏற்பட்டது. எல்லைக்கோடு பற்றிய தகராறு 1951 முடிவதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கைதிகளைத் திருப்பி அனுப்புவதில்தான் பேச்சு முட்டி நின்றது. ஊர் திரும்ப விரும்பாதவர்களையும் அனுப்ப வேண்டும் என்றது ஒரு தரப்பு, விருப்பமுள்ளவர்களை மட்டும் அனுப்புவோம் என்றது மறுதரப்பு. கடைசியில் திரும்ப விரும்பாதவர்களைக் கையாள ஒரு நடுநிலை ஆணையம் அமைந்தது, அதற்கு இந்தியாவின் ஜெனரல் திம்மய்யா தலைமை ஏற்றார். அந்த ஏற்பாட்டை 1951-இலேயே யாராவது யோசித்து வைத்திருக்க வேண்டாமா?

ஈரான் கதை இன்னும் கொடுமையானது. 1980 செப்டம்பர் 22 அன்று ஈராக் அதிபர் சதாம் உசேன் ஈரான் மீது படையெடுத்தார். ஈரானியர்கள் உயிரைக் கொடுத்துப் போராடி 1982 மே 24 அன்று கொர்ரம்ஷர் நகரத்தை மீட்டார்கள். அடுத்த மாதமே சதாம் தன் படைகளை எல்லைக்குப் பின்வாங்குவதாக அறிவித்தார். ஈரான் தன் மண்ணைக் காப்பாற்றிவிட்டது, உலகத்தின் பார்வையில் அது தாக்கப்பட்ட நாடு, அதன் பேரம் பேசும் பலம் உச்சத்தில் இருந்த நேரம் அதுதான். ஈரானின் உச்சத் தலைவர் கொமேனியின் அரசு அந்த நேரத்தில் ஈராக்குக்குள் நுழையத் தீர்மானித்தது. சதாம் பதவி இழக்க வேண்டும் என்பது போரின் நோக்கமாக மாறிவிட்டது. இன்னும் ஆறு வருடம் ஓடியது, ரசாயன ஆயுதங்கள் வந்தன, பதின்ம வயதுப் பையன்கள் அலை அலையாகக் கண்ணிவெடி வயல்களுக்குள் போனார்கள். 1988 ஜூலையில் போர்நிறுத்தம் கோரிய ஐ.நா. தீர்மானம் 598-ஐ ஏற்றுக்கொண்டபோது, அது விஷம் குடிப்பதைப் போல என்று கொமேனியே சொன்னார். ஆகஸ்ட் 20 அன்று போர் ஓய்ந்தது. எல்லை நகரவில்லை. சதாமும் பதவியில்தான் இருந்தார்.

வெற்றி கிடைக்கும்போது நோக்கம் ஏன் வளர்கிறது? எனக்குத் தெரிந்தவரை மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலில், ஜெயிக்கும் படையை நிறுத்தச் சொல்லும் துணிவு சுற்றியிருப்பவர்களுக்கு இருக்காது. இரண்டாவது, அதுவரை செத்தவர்களின் கணக்கு: இத்தனை பேர் செத்தது வெறும் பழைய எல்லைக்காகவா என்ற கேள்வி எழும். இந்தக் கேள்வி மிக வலிமையானது, மனிதத்தன்மை உள்ள கேள்வியும்கூட, ஆனால் அதற்குப் பதிலாக இன்னும் சிலரைச் சாகக் கொடுப்பது எந்த விதத்திலும் முன்னவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மூன்றாவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. போர் நடக்கும்வரை தலைவரை யாரும் கேள்வி கேட்க முடியாது, முடிந்ததும் கணக்குக் கேட்பார்கள். அதனால்தான் நிறுத்தும் இடத்தை முன்பே எழுதி வைக்கச் சொல்கிறேன். ரத்தம் சிந்திய பிறகு யாராலும் தெளிவாக யோசிக்க முடிவதில்லை.

நிறுத்தத் தெரிந்த ஒருவரும் இருந்தார். அவர் சமாதானத் தூதர் ஒன்றும் இல்லை, ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க். 1866 ஜூலை 3 அன்று கோனிக்ராட்ஸ் என்ற இடத்தில் ஆஸ்திரியப் படையைப் பிரஷ்யா நொறுக்கியது. வியன்னாவுக்குப் போகும் வழி திறந்து கிடந்தது. மன்னர் வில்ஹெல்ம் போரை விரும்பாமல் இறங்கியவர், வென்ற பிறகு அவரே ஆஸ்திரியாவின் நிலத்தில் பங்கு வேண்டும் என்றார். தளபதிகள் வியன்னாவில் அணிவகுப்பு நடத்தத் துடித்தார்கள். பிஸ்மார்க் ஒருவர் மட்டும் கூடாது என்று நின்றார். படையில் காலரா பரவிக்கொண்டிருந்தது, பிரான்ஸ் எந்த நேரமும் தலையிடலாம், எல்லாவற்றுக்கும் மேல் நாளைக்கு ஆஸ்திரியா நமக்குத் தேவைப்படும் என்பது அவர் வாதம். வாக்குவாதம் முற்றி, திறந்திருந்த ஜன்னல் வழியாக விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பட்டத்து இளவரசர் அவர் பக்கம் பேசியதால்தான் மன்னர் இறங்கி வந்தார். ஜூலை 26 அன்று பூர்வாங்க உடன்பாடு முடிந்தது. ஆஸ்திரியாவின் பக்கம் நின்ற சில ஜெர்மன் சிற்றரசுகளைப் பிரஷ்யா விழுங்கிக்கொண்டது. ஆனால் ஆஸ்திரியாவின் சொந்த நிலத்தில் ஒரு துண்டைக்கூட அது எடுக்கவில்லை. நான்கு வருடம் கழித்துப் பிரான்ஸோடு போர் வந்தபோது ஆஸ்திரியா ஒதுங்கி நின்றது.

அதே பிஸ்மார்க்கின் ஆட்சியில்தான் 1871-இல் பிரான்ஸிடமிருந்து அல்சாஸையும் லொரைனின் ஒரு பகுதியையும் பறித்தார்கள், 500 கோடி ஃபிராங்க் தண்டமும் போட்டார்கள். பிரான்ஸ் பணத்தைச் சீக்கிரமே கட்டி முடித்தது, நிலத்தை மறக்கவில்லை. 1914-இல் ஐரோப்பா தீப்பிடித்ததற்குப் பல காரணங்கள் இருந்தாலும் அந்த ஆறாத காயமும் அதில் ஒன்று.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும். கடனிலும் நெருப்பிலும் பகையிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பாதியில் நிறுத்தினால் எதிரி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் வருவான், அதைவிட இப்போதே முடித்துவிடுவது மேல் என்பது அந்த வாதம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சில போர்களில் இது முழு உண்மை.

1940 மே 26 முதல் 28 வரை லண்டனில் போர் அமைச்சரவை கூடிக் கூடிப் பேசியது. பிரான்ஸ் சரிந்துகொண்டிருந்தது, பிரிட்டிஷ் படை டன்கிர்க்கில் சிக்கியிருந்தது. முசோலினி மூலமாக ஹிட்லர் என்ன நிபந்தனை கேட்கிறார் என்று தெரிந்துகொள்ளலாமே என்றார் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ். அவரைக் கோழை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். அன்று அவர் கேட்டது புத்திசாலித்தனமான கேள்வியாகவே பலருக்குப் பட்டது. பிரதமர் சர்ச்சில் மறுத்தார், மறுத்தது சரி என்றே நினைக்கிறேன். 1938 செப்டம்பரில் மியூனிக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு, 1939 மார்ச்சில் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்தவர் ஹிட்லர். அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பது அனுபவத்தில் தெரிந்த விஷயம். அவர் ஆளும் நிலத்தில் சில மக்கள் கூட்டங்கள் உயிரோடு இருப்பதற்கே இடமில்லை. எதிரி நம் இருப்பையே அழிக்க நினைக்கிறான், அவன் தரும் வாக்கு ஆறு மாதம்கூட நிற்காது என்பதற்குச் சான்று இருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் முழு வெற்றியைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் நான் தயங்குவேன். போர்க்காலத்தில் எல்லாத் தலைவர்களும் எதிரியை ஹிட்லர் என்றுதான் சொல்வார்கள். சொல்வதை விட்டுவிட்டு சான்றைப் பார்க்க வேண்டும்.

அப்படி முழு வெற்றியைத் தேடியவர்களும் முடிவைத் திட்டமிடாமல் இருந்துவிடவில்லை. 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் நிபந்தனையற்ற சரணடைதல் என்று அறிவித்ததற்குப் பின்னால் 1918-இன் பாடம் இருந்தது. அந்த வருடம் ஜெர்மன் படை அந்நிய மண்ணில் நின்றிருக்கும்போதே போர் நின்றதால், நாம் தோற்கவில்லை, முதுகில் குத்தப்பட்டோம் என்ற பொய் ஜெர்மனியில் வேர்விட்டது. இரண்டாவது முறை அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தார்கள். அதோடு, 1942-லேயே வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில்லில் ராணுவ நிர்வாகப் பள்ளி ஒன்றைத் திறந்து, பிடிபடப் போகும் ஊர்களை எப்படி நடத்துவது என்று அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஜெர்மனி சரணடைய இன்னும் மூன்று வருடம் இருந்தது. இதோடு 2003 ஈராக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். போருக்குப் பிந்தைய நிர்வாகத்துக்கான அலுவலகத்தை அமெரிக்கா அமைத்தது அந்த ஜனவரியில், படையெடுப்பு மார்ச்சில். ஏப்ரல் 9 அன்று பாக்தாத் விழுந்தது. மே 23 அன்று ஈராக் ராணுவத்தைக் கலைத்தார்கள். லட்சக்கணக்கான ஆயுதப் பயிற்சி பெற்ற ஆண்கள் ஒரே உத்தரவில் சம்பளமில்லாமல் வீதிக்கு வந்தார்கள். சண்டையை மூன்று வாரத்தில் ஜெயித்தவர்கள் அந்த நாட்டில் எட்டு வருடம் மாட்டிக்கொண்டார்கள்.

ஜப்பான் விஷயத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிபந்தனையற்ற சரணடைதல் என்று சொன்னாலும், 1945 ஆகஸ்டில் பேரரசரின் நிலை என்ன என்று ஜப்பான் கேட்டபோது, பேரரசரின் அதிகாரம் நேச நாடுகளின் தலைமைத் தளபதிக்குக் கட்டுப்பட்டிருக்கும் என்று அமெரிக்கா பதில் அனுப்பியது. பேரரசர் பதவியே இருக்காது என்று சொல்லவில்லை. அந்தச் சிறு இடைவெளி வழியாகத்தான் சரணடைதல் சாத்தியமானது. படைகள் ஆயுதத்தைக் கீழே வைத்தது பேரரசர் சொன்னதால்தான். கையெழுத்துப் போடக்கூடியவரை விட்டுவைப்பதும் போரை முடிக்கும் திட்டத்தின் ஒரு பகுதி. எதிரித் தரப்பில் பேச்சுக்கு வரக்கூடிய எல்லோரையும் குறிவைத்துக் கொல்லும் அரசுகள், பிறகு பேசுவதற்கு ஆளில்லை என்று புகார் சொல்வதை இன்றும் பார்க்கிறோம்.

சரி, திட்டமிட வேண்டும் என்றால் அதை வெளியில் சொல்ல வேண்டுமா? கூடாது, குறிப்பாகத் தேதியைச் சொல்லக் கூடாது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 2009 டிசம்பர் 1 அன்று ஒபாமா ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதலாக 30,000 படைவீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். அதே உரையில், 2011 ஜூலையிலிருந்து அவர்கள் திரும்பத் தொடங்குவார்கள் என்றும் சொன்னார். உள்நாட்டு மக்களுக்கு ஆறுதலாக இருந்த அந்த ஒரு வரி தாலிபானுக்குக் கிடைத்த நாட்காட்டி. அவர்கள் ஜெயிக்க வேண்டியதில்லை, காத்திருந்தாலே போதும். 2020 பிப்ரவரி 29 தோஹா ஒப்பந்தம் இதைவிட மோசம். 14 மாதத்தில் வெளியேறுகிறோம் என்று தாலிபானுக்கு எழுதிக் கொடுத்தார்கள், காபூல் அரசு அந்த மேசையில் இல்லவே இல்லை. தன்னைப் பற்றிய ஒப்பந்தத்தில் தனக்கே இடமில்லாத அரசுக்காக அதன் படைவீரன் எதற்குச் சாக வேண்டும்? 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தபோது அமெரிக்கப் படை இன்னும் விமான நிலையத்தில்தான் இருந்தது.

சோவியத் யூனியன் அதே மண்ணிலிருந்து வெளியேறிய விதம் இதைவிடச் சீராக இருந்தது. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை. 1986 நவம்பரில் கோர்பச்சேவின் அரசியல் குழு, இரண்டு வருடத்துக்குள் வெளியேறுவது என்று மூடிய அறைக்குள் முடிவெடுத்தது. 1988 ஏப்ரல் 14 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது, பாகிஸ்தானும் ஆப்கன் அரசும் கையெழுத்துப் போட்டன, அமெரிக்காவும் சோவியத்தும் உத்தரவாதம் கொடுத்தன. 1989 பிப்ரவரி 15 அன்று கடைசிப் படை பாலத்தைத் தாண்டியது. சோவியத் ஆதரவில் இருந்த ஆப்கன் அதிபர் நஜிபுல்லாவின் அரசு சில மாதம்கூடத் தாங்காது என்று பலரும் கணித்தார்கள். அது அந்த வருடமே ஜலாலாபாத்தில் பெரிய தாக்குதலை முறியடித்தது, மூன்று வருடம் தாங்கியது, பணமும் எரிபொருளும் ஆயுதமும் வரும்வரை நின்றது. சோவியத் யூனியன் கலைந்து உதவி நின்ற சில மாதங்களில், 1992 ஏப்ரலில் விழுந்தது. படை வெளியேறியதால் விழவில்லை, பணம் நின்றதால் விழுந்தது.

எனக்கு மிகப் பெரிய பாடமாகத் தெரிவது ஃபின்லாந்து, 1944. 1939-40 குளிர்காலப் போரில் பத்தில் ஒரு பங்கு நிலத்தை சோவியத்திடம் இழந்த நாடு அது. இழந்ததை மீட்க 1941-இல் ஜெர்மனியோடு சேர்ந்து போருக்குப் போனது. 1944 ஜூனில் சோவியத் படை பெரும் தாக்குதல் தொடுத்து, ஜூன் 20 அன்று வீபோரி நகரைப் பிடித்துவிட்டது. அந்த நேரத்தில் ஹெல்சிங்கி கைதூக்கியிருந்தால் நாடே போயிருக்கலாம். அதிபர் ரிஸ்டோ ருட்டி ஜெர்மனிக்கு ஒரு கடிதம் எழுதினார்: நான் நியமிக்கும் எந்த அரசும் தனியாக சமாதானம் செய்துகொள்ளாது. அதை நாடாளுமன்றத்தின் ஒப்புதலோடு எழுதவில்லை, தன் சொந்தப் பொறுப்பில் எழுதினார். ஜெர்மன் ஆயுதம் வந்தது, தாலி-இஹாந்தாலா போரில் ஃபின்னியர்கள் சோவியத் முன்னேற்றத்தை நிறுத்தினார்கள். முனை நிலைத்ததும் ருட்டி பதவி விலகினார். ஆகஸ்ட் 4 அன்று தலைமைத் தளபதி மன்னர்ஹைம் அதிபரானார். ருட்டி கொடுத்த வாக்கு ருட்டியோடு போயிற்று, புதிய அதிபரை அது கட்டுப்படுத்தாது. செப்டம்பர் 19 அன்று மாஸ்கோவில் போர்நிறுத்தம் கையெழுத்தானது.

விலை கொடுமையானது. கரேலியா போனது, அங்கிருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு இழந்தார்கள், 30 கோடி டாலர் இழப்பீடு, நேற்றுவரை தோழர்களாக இருந்த ஜெர்மானியர்களைச் சண்டை போட்டு லாப்லாந்திலிருந்து வெளியேற்றும் கடமை. ஆனால் ஃபின்லாந்தை சோவியத் படை ஆக்கிரமிக்கவில்லை, தேர்தல்கள் நடந்தன, நாடு நாடாகவே இருந்தது. சண்டையை விட்டுவிட்டு அவர்கள் வெளியேறவில்லை, வெளியேறுவதற்காகவே கடைசி ஒரு மாதம் உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டார்கள். வெற்றியா வெளியேறுதலா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்டுவேன். அந்த ருட்டி பிறகு போருக்குப் பொறுப்பானவர் என்று சோவியத் நெருக்குதலில் நடந்த விசாரணையில் 10 வருடச் சிறைத்தண்டனை பெற்றார், 1949-இல் மன்னிப்பு கிடைத்தது. தன் பெயரைக் கொடுத்து நாட்டை வெளியே எடுத்த தலைவர் அவர்.

1971-ஐயும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் நோக்கம் குறுகியது: ஒரு கோடி அகதிகள் வீடு திரும்பக்கூடிய ஒரு வங்கதேசம். டிசம்பர் 16 அன்று டாக்காவில் சரணடைதல் நடந்ததும், மேற்கு முனையில் இந்தியா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. 1972 மார்ச்சிலேயே படைகள் வங்கதேசத்தை விட்டுக் கிளம்பிவிட்டன. வென்றவர்கள் அவ்வளவு சீக்கிரம் கிளம்புவது அபூர்வம்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான வழி ஒன்று உண்டு. வெற்றியையும் தேடாமல், வெளியேறவும் மனமில்லாமல், நடுவில் காலம் தள்ளுவது. நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது சோழன் நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தான், சங்கப் புலவர் கோவூர்கிழார் அவனிடம் சொன்னது இதைத்தான். பாலில்லாமல் குழந்தைகள் அழுகின்றன, அறத்தை நினைப்பவனானால் உனதே என்று சொல்லிக் கதவைத் திற, வீரத்தை நினைப்பவனானால் போருக்காகத் திற, இரண்டும் இல்லாமல் அடைத்துக்கொண்டு கிடப்பது நாணத்தக்கது என்றார். வியட்நாமில் அமெரிக்கா செய்தது அந்த மூன்றாவது வேலைதான். 1969-இல் நிக்சன் பதவியேற்றபோதே முழு வெற்றி கிடைக்காது என்பது அவர் அரசுக்குத் தெரியும். 1973 ஜனவரி 27 அன்று பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் வட வியட்நாம் படைகளைத் தெற்கிலேயே இருக்க விட்டது. இந்த நான்கு வருடங்களில் 20,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் செத்தார்கள், வியட்நாமியர்கள் அதைப் போலப் பல மடங்கு. கௌரவத்தோடு வெளியேற வேண்டும் என்றுதான் அத்தனை காலமும் சொன்னார்கள். 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தது.

தமிழில் இதைப் படிப்பவர்கள் மனதில் இலங்கை ஓடிக்கொண்டிருக்கும் என்று தெரியும். 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு, அந்த டிசம்பரில் ஒஸ்லோவில் கூட்டாட்சித் தீர்வை ஆராய இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. புலிகள் தங்கள் பலத்தின் உச்சத்தில் இருந்த காலம் அது. நான் மேலே சொன்ன அளவுகோலை யாருக்கும் சலுகை கொடுக்காமல் வைத்தால், அந்த நேரத்தில் அந்த வாய்ப்பைக் கைநழுவ விட்டதில் இரு தரப்புக்கும் பங்கு இருக்கிறது. அரசு முழு வெற்றியைத் தேர்ந்தெடுத்தது, 2009 மேயில் அடைந்தது. கடைசி மாதங்களில் முள்ளிவாய்க்கால் கடற்கரைத் துண்டில் சிக்கிய மக்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. எதிரிப் படை முற்றாக அழிந்தது, தலைமை முற்றாக அழிந்தது, எவ்வளவு முழுமையான ராணுவ வெற்றி கேட்டாலும் இதைவிட முழுமையாகக் கிடைக்காது. அதற்குப் பிறகு? அரசியலமைப்பின் 13-வது திருத்தத்திலேயே எழுதியிருக்கும் காணி, காவல்துறை அதிகாரங்கள் மாகாணங்களுக்கு வரவில்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018-இல் முடிந்தது, பிறகு பல வருடங்கள் தேர்தலே நடக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017-இலிருந்து வீதியோரம் படங்களோடு உட்கார்ந்தார்கள். பகையில் மிச்சம் வைக்கவில்லை என்று சொன்ன வெற்றி, போருக்குக் காரணமான கேள்வியை அப்படியே மிச்சம் வைத்தது.

வெளியேறத் தீர்மானிக்கும் தலைவருக்கு உள்நாட்டில் என்ன நேரும் என்பதற்கு பிரான்ஸின் தலைவர் டி கோல் உதாரணம். 1958-இல் அவர் பதவிக்கு வந்தது, அல்ஜீரியா பிரான்ஸுடையது என்று முழங்கியவர்களின் ஆதரவில். 1959-இல் ஜெனரல் ஷால் நடத்திய தாக்குதல்களில் அல்ஜீரியப் போராளிகளின் படை பெரும் அடி வாங்கியது. ராணுவக் கணக்கில் பிரான்ஸின் கை ஓங்கியிருந்த அந்த வருடம், செப்டம்பர் 16 அன்று, அல்ஜீரியர்கள் தங்கள் எதிர்காலத்தைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்று அறிவித்தார். 1961 ஏப்ரலில் அவருடைய ஜெனரல்களே கலகம் செய்தார்கள், அவர்களில் அதே ஷாலும் ஒருவர். 1962 ஆகஸ்டில் பெத்தி கிளமார்ட்டில் அவர் கார் மீது குண்டுகள் பாய்ந்தன, தப்பினார். ஆனால் மக்கள் அவரோடு இருந்தார்கள், 1961 ஜனவரியிலும் 1962 ஏப்ரலிலும் வாக்கெடுப்பு நடத்திப் பெரும்பான்மை பெற்றே முன்னேறினார். திட்டம் ரகசியமாகத் தொடங்கலாம், ஒரு கட்டத்தில் மக்களிடம் வந்து உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

அவர் செய்த மன்னிக்க முடியாத தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் படையோடு நின்ற அல்ஜீரிய முஸ்லிம்கள், ஹார்க்கிகள் என்று அவர்களுக்குப் பெயர். 1962 மார்ச்சில் போரை நிறுத்திய எவியான் உடன்பாடு வந்ததும் அவர்களின் ஆயுதங்களை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகச் சொன்னார்கள். அவர்களைப் பிரான்ஸுக்குக் கூட்டிவர முயன்ற அதிகாரிகளுக்குத் தடை போட்டார்கள். பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். பிரான்ஸின் அதிபர் ஒருவர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க 2021 செப்டம்பர் ஆனது. அதற்கு முந்தைய மாதம்தான் காபூல் விமான நிலையத்தின் வெளிச்சுவரை ஒட்டிய கழிவுநீர்க் கால்வாயில் நின்றுகொண்டு, அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தவர்கள் காகிதங்களை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

போரை முடிக்கும் திட்டம் எழுதும் மேசையில் இவர்களின் பெயர்ப்பட்டியல் முதல் நாளே இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். யார் நம்மை நம்பி நம் பக்கம் நின்றார்கள், அவர்களில் யார் அங்கேயே இருந்தால் உயிர் தப்பாது, அவர்களுக்கு எத்தனை விசா, எத்தனை விமானம், எந்த ஊரில் வீடு. வெளியேறும் தேதி முடிவாவதற்கு முன் அவர்கள் வெளியே வந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியல் தயாரில்லாத அரசு கையெழுத்துப் போடத் தயாராக இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.